நந்தனார் பாட்டும் நமது கண்ணீரும்

கர்நாடக சங்கீதத்திற்குப் பக்தியே உயிர் என்பர் ஒரு சாரார். இராகபாவமே உயிர், சொல் வெறும் சாக்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் நாம் காட்டும் சான்று, 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாகும். அது நெஞ்சை உருக்குவது பக்தியால் மட்டுமன்று, இராகத்தால் மட்டுமன்று. அடிமைப்பட்ட ஒருவர் தம் ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கும் நிலையால் என்பதே நம் துணிபு.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் திருநாளைப்போவாருக்கு ஆண்டை இல்லை. ஆதனூரிற் பிறந்த அவர், கோயில் முரசங்களுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்தவர். இசைக்குக் கருவி தந்தவர் இசை முழங்கும் கோயிலுக்கு வெளியே நின்றார்! பாரதியாரோ வேதியர் ஒருவரைப் பண்ணையாராகக் கதையுட் புகுத்தினார். பயிர் வேலை முடிந்தால்தான் தில்லைக்குப் போகலாம் என்கிறார் அப்பண்ணையார். புராணத்தில் இல்லாத இத்தடைதான் பாட்டுக்கு உணர்ச்சியை ஊட்டிற்று.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இந்நூல் புராணத்தினின்று வேறுபடுவதையும் இதன் மொழிக் குறைகளையும் எண்ணிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகி அதனை அளித்தார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். இலக்கணம் தடுத்ததை இசை கடந்தது.

புலவருக்கே இந்நிலையென்றால், அந்த வாழ்வையே வாழ்ந்தவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ? லெம்பா பெர்த்தாம் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தோருக்கு இப்பாட்டுக்கு உரையாசிரியர் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணியின் முகம் பார்த்து நாளைக் கழித்த தலைமுறையின் மக்கள் அவர்கள். சொல் விளங்கினாலன்றோ இவ்வுணர்ச்சி எட்டும்? 1941இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகளுக்கு உரிய இடம் கோரியதன் நியாயம் இதுவே.

ஆயினும் கண்டிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. மாஞ்சி இராகத்து ‘வருகலாமோ’ கோயிலுக்குள் வர உத்தரவு கேட்கும் பாட்டு. கச்சேரியில் அது கதையினின்று பிரிக்கப்பட்டு, கமகங்களால் அலங்கரிக்கப்பட்டு, துக்கடாவாக வந்து போகிறது. சபையோர் தலையசைக்கின்றனர், சிலர் கண்ணீரும் விடுகின்றனர். கேள்வியோ காற்றோடு போகிறது! முழுக் கதையைக் கேட்பவரும், நந்தனார் தீயிற் புகுந்து முனிவராய் எழுந்ததும் மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர். தீயில் மூழ்காமல் அவர் ஏன் உள்ளே செல்லக்கூடாது என்று கேட்டவர் எத்தனை பேர்? சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்கும் கோயிலுக்குள் செல்லும் உரிமை தந்த சட்டம் 1947இல்தான் வந்தது. பாட்டு மனத்தை இளக்கிற்று. கதவைத் திறந்தவை போராட்டமும் சட்டமுமே.

ஆகவே நந்தனார் கீர்த்தனையைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் பாடுங்கள், சொல் சிதையாமற் பாடுங்கள். கேட்கும் தோழர்களே, உருகுங்கள். அதோடு நில்லாமல், அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை நம்முடையது என்பதையும் உணருங்கள். உணர்ச்சி அறிவை எழுப்பினால் அது கலை. உறங்க வைத்தால் அது வெறும் தாலாட்டு.