கதிர்க்குருவிகளும் கையேடுகளும்

சேலம், நாமக்கல் பக்கம் பறவை பார்க்கிறவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: குளிர்காலத்துக் கதிர்க்குருவிகள். செப்டம்பர் வாக்கில் வந்து இறங்கி ஏப்ரல் வரை இருப்பவை. பழுப்பாக ஒன்று, இளம்பச்சையாக ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. படம் எடுத்துக் குழுவில் போட்டால் மூன்று பேர் மூன்று பெயர் சொல்வார்கள். இதற்கு ஆட்களைக் குறை சொல்வதில் பயனில்லை. நாம் அடையாளம் காணக் கற்றுக்கொண்ட புத்தகங்களிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இன்று பலரும் கையில் வைத்திருக்கும் இரண்டு கையேடுகளுமே 2005இல் வந்தவை. ஒன்று கிரிமெட்டும் இன்ஸ்கிப்பும் எழுதிய தென்னிந்தியப் பறவைகள் கையேடு. இன்னொன்று ராஸ்முஸனும் ஆண்டர்டனும் செய்த ரிப்ளி கையேடு, இரண்டு தொகுதி. முதலாவது பைக்குள் அடங்கும், படங்கள் அழகு. ஆனால் கதிர்க்குருவிகளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்லாம் பக்கவாட்டில் திரும்பி, நல்ல வெளிச்சத்தில், புதுச் சிறகோடு நிற்கின்றன. பனமரத்துப்பட்டி ஏரிக்கரைச் சீமைக்கருவேலத்துக்குள் எந்தக் குருவியும் அப்படி நிற்பதில்லை. வால் தெரிந்தால் அலகு தெரியாது. அலகு தெரிந்தால் இலையின் பச்சை நிறம் வயிற்றில் அடித்துப் பழுப்பும் இளம்பச்சை ஆகிவிடும்.

ரிப்ளி கையேடு இந்த இடத்தில் ஒரு படி மேலே. இரண்டாம் தொகுதியில் குரல்களை ஒலிவரைபடமாகவே அச்சிட்டிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், படங்கள் உள்ள முதல் தொகுதி நம்மோடு வயலுக்கு வரும், குரல் உள்ள தொகுதி வீட்டு அலமாரியில் இருக்கும். ஒலிவரைபடத்தைப் படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். கடைசியில் கண்ணை நம்பியே முடிவெடுக்கிறோம்.

நம் சமவெளியில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் பிளித் நாணல் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளித் 1849இல் விவரித்தது. பெயரில்தான் நாணல். அவர் வைத்த அறிவியல் பெயரான டூமெடோரம் என்பதற்குப் புதர்களுக்கு உரியது என்று பொருள். பெயரை நம்பி நாணலில் தேடினால் ஏமாற்றம்தான், வேலியோரக் கருவேலத்தில் பார்க்க வேண்டும். உள்ளிருந்து 'டக்... டக்' என்று நாக்கைத் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். பல சமயம் அது ஒன்றே போதும். நாணலிலும் கோரையிலும் இதே போல ஒன்று தெரிந்தால் வயல் கதிர்க்குருவியா என்று யோசிக்க வேண்டும். அதன் வெண்புருவம் கண்ணுக்குப் பின்னால் அகலும், புருவத்துக்கு மேலே ஒரு கருங்கோடு ஓடும், கீழலகின் நுனி கருத்திருக்கும். பிளித்தின் புருவமோ கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடும்.

இளம்பச்சைக் கதிர்க்குருவிக்குச் சிறகில் ஒற்றை வெள்ளைக் கோடு என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. சரிதான். ஆனால் சிறகு தேயத் தேயக் கோடும் தேயும். மார்ச் மாதப் படத்தில் கோடு இல்லையென்றால் அதற்காக வேறு இனம் என்று முடிவுகட்டக் கூடாது. குரலைக் கேட்டால் சந்தேகம் குறையும்: இளம்பச்சைக்கு இரண்டு அசை, அதன் நெருங்கிய உறவான பச்சைக் கதிர்க்குருவிக்குப் பெரும்பாலும் மூன்று. இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் 1789இல் வெளியிட்ட புத்தகத்திலேயே, ஒன்று போலத் தெரிந்த மூன்று குருவிகளைப் பாட்டை வைத்துப் பிரித்திருந்தார். இருநூறு வருடத்துக்கும் மேலான பாடம் இது. காமிரா மலிவானதும் அதை ஓரங்கட்டிவிட்டோம்.

காதும் கைவிடும் இடம் உண்டு. பூட்டட், சைக்ஸ் என்ற இரண்டு கதிர்க்குருவிகளும் முள்காட்டில் வருபவை, சத்தமும் கிட்டத்தட்ட ஒன்று. சைக்ஸ் தக்காணத்துப் பறவைகளைப் பட்டியலிட்டபோது 1832இல் தன் குருவியை விவரித்தார். பிறகு நெடுங்காலம் அது பூட்டட்டின் துணையினமாகவே இருந்தது, பிரித்தது சமீபத்தில்தான். சைக்ஸுக்கு அலகும் வாலும் சற்று நீளம், கீழலகு பெரும்பாலும் வெளிறியிருக்கும், மரத்தில் மேலே மேயும். பூட்டட் தாழ்வாக, தரையோரமாகத் திரியும். ஒரே ஒரு படத்தில் இந்த 'சற்று' என்பதை அளக்க முடியுமா? தலை கொஞ்சம் நம் பக்கம் திரும்பினாலே நீள அலகு குட்டையாகத் தெரியும்.

கையில் பிடித்தால் தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1867இல் ஹியூம் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஒரு நாணல் கதிர்க்குருவியைச் சேகரித்தார். அந்த இனத்துக்கு ஏறக்குறைய 140 ஆண்டுகள் அந்த ஒரே உடல்தான் ஆதாரம். 2006இல் தாய்லாந்தில் வலையில் ஒன்று சிக்கி, மரபணுச் சோதனையில் உறுதியானது. அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1869இல் உத்தரப் பிரதேசத்தில் எடுத்த இன்னொரு உடல், இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் பிளித் குருவிகளின் இழுப்பறையிலேயே கிடந்திருக்கிறது! நிபுணர்கள் கையில் இருந்த குருவிக்கே இந்த நிலை. ஆனாலும் உடல் பத்திரமாக இருந்ததால் திருத்த முடிந்தது. 1929-30இல் வெர்னே ஆய்வுக்குழு சேர்வராயன் மலையிலும் சித்தேரியிலும் சேகரித்தவற்றையும் இன்றும் எடுத்து அளக்கலாம். நம் ஈபேர்ட் பட்டியலில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் பின்னால் வருகிறவர் எதை அளப்பார்?

இதில் என்ன போய்விடும் என்று கேட்கலாம். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை நம்மைப் போன்றவர்கள் போட்ட பட்டியல்கள்தான். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் கதிர்க்குருவிகள் இங்கே இருக்கும் ஜனவரியில்தான் வருகிறது. சந்தேகமான படத்துக்கு நாம் அடித்துச் சொல்லும் பெயர், நாமக்கல் மாவட்டத்தில் ஒரு குருவி கூடுகிறதா குறைகிறதா என்ற கணக்கிலேயே போய் உட்காரும். சரிபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கும் நாம் கொடுக்கும் ஆதாரம்தான் கண்.

கையேட்டை மூடிவைக்கச் சொல்லவில்லை. படம் கிடைக்கவில்லை என்றாலும் போனில் அரை நிமிடம் ஒலியைப் பதிவு செய்யுங்கள். எந்த மரம், எவ்வளவு உயரம், என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். படம் என்றால் ஒன்றோடு நிறுத்தாமல் பக்கவாட்டு அலகு, கீழலகு, வால் மூன்றும் தெரிகிற மாதிரி தொடராக எடுங்கள். அப்படியும் முடிவாகவில்லை என்றால் 'பூட்டட் அல்லது சைக்ஸ்' என்று போட ஈபேர்டிலேயே இடம் இருக்கிறது. அதைத் தோல்வியாக நினைப்பவர்கள் நிறைய. என் கணக்கில், துணிந்து போட்ட தவறான பெயரை விட அந்த 'அல்லது' தான் நல்ல தரவு.