கல்லும் சொல்லும்

பழமையைப் போற்றுதல் என்பது பழமையிலேயே தங்கிவிடுதல் அன்று; வந்த வழியை அறிந்து போகும் வழியைத் தெளிதலேயாகும். நிலம் குறுகிய தீவு நாட்டிற்கு இஃது எளிதன்று. புதியதொன்றை எழுப்பப் பழையதொன்றை அகற்ற வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் வரலாறே இதற்குச் சான்று.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று நின்றது. 1843ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டுமானப் பணிக்காக அது வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் எழுத்தை இன்றளவும் ஐயமறப் படித்தவர் இல்லை. தகர்த்தவர்க்கு ஆன வேலை ஒரு நாள் வேலை. அறிஞர்க்கு நேர்ந்த இழப்போ என்றும் தீராதது.

அந்நாள் அறியாமை அது என்பர் சிலர். 1960இல் திறக்கப்பட்ட ஸ்டாம்ஃபோர்ட் சாலைச் செங்கல் நூலகமோ, மக்கள் பலர் வேண்டியும், சுரங்கச் சாலைக்காக 2004இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. வாயில் தூண்கள் இரண்டே எஞ்சின.

அரசு வாளா இருந்தது என்றல் பொருந்தாது. 1970இல் நினைவுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1973இல் முதன்முதலாகக் காக்கப்பட்ட எட்டனுள், 1827இல் நாராயண பிள்ளை தோற்றுவித்த மாரியம்மன் கோவிலும் ஒன்று. மறு ஆண்டே தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா அப்பட்டியலில் சேர்ந்தது. 1989இல் சைனா டவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் காப்புப் பெற்றன. இவை பாராட்டத் தக்கன.

ஆயினும் ஒரு குறை கூறாமல் இருத்தற்கில்லை. சட்டம் காப்பது சுவரை. சுவருக்குள் இருந்த வாழ்வை அன்று. பழைய கடைவீடுகளின் முகப்பு வண்ணம் பூசப்பட்டு ஒளிர்கிறது. உள்ளே இருந்த குடிகளும் தொழில்களும் பெரும்பாலும் அகன்றுவிட்டன. பயன்படாத கட்டடம் பாழாகும் என்பதும், புதுத் தொழில் வந்தால்தான் பழைய சுவர் நிற்கும் என்பதும் மெய்யே. ஆனால் முகப்பை மட்டும் கண்டு வரலாற்றைக் கண்டதாக மகிழ்தல் உமியைக் கொண்டு நெல்லென மகிழ்வதை ஒக்கும்.

தீமிதித் திருவிழாவை நோக்குக. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில் வரை அடியார்கள் நடந்து வருகின்றனர். காக்கப்பட்ட சின்னங்கள் இரண்டையும் இணைப்பது சட்டமன்று, மக்களின் கால்களே. கட்டடத்திற்கு உயிர் இவ்வாறே வரும்.

கட்டடம் போன இடத்தில் சொல்லேனும் நிற்க வேண்டும். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்தன. அங்கே இன்று வானளாவிய மாளிகைகள். 'கிட்டங்கி' என்றால் என்னவென்று நம் மாணவரைக் கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவர்? 'தேக்கா' என்று நாள்தோறும் சொல்லும் பிள்ளைகளுள், அப்பெயரின் வரலாற்றைக் கேட்டறிந்தவர் எத்தனை பேர்?

இடித்த சுவரை எழுப்புதல் ஆசிரியரால் ஆகாது. மறையும் சொல்லைக் காத்தல் ஆகும். கட்டுரைப் பாடத்திற்கு 'என் தெரு' என்று தலைப்புத் தந்து, வீட்டு முதியோரைக் கேட்டு எழுதி வரச் செய்க. அவ்வேடுகளைப் பள்ளி நூலகத்தில் தொகுத்து வைக்க. ஆற்றங்கரைக் கல்லின் சொல் நமக்கு எட்டவில்லை. நம் காலத்துச் சொல்லேனும் நம் பேரர்க்கு எட்டுமாறு செய்வோமாக.