காதால் பார்க்கும் கோல்ஃப்

ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆகஸ்டா நகரில் மாஸ்டர்ஸ் நடக்கும். ஆண்கள் கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஆண்டுதோறும் ஒரே மைதானத்தில் நடப்பது இது ஒன்றுதான். டிக்கெட் குதிரைக்கொம்பு. முந்தைய ஆண்டே விண்ணப்பித்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். உங்கள் பெயர் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போட்டி அன்று காலை முதல் வேலை, கைபேசியை அறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புவது. உள்ளே கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள், டிக்கெட்டும் போச்சு. வீட்டுக்குப் பேசியே ஆக வேண்டுமென்றால் மைதானத்திலேயே இலவசத் தொலைபேசிகள் இருக்கின்றன.

இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, மாஸ்டர்ஸை நேரில் பார்ப்பதன் ருசியே இந்தத் தடையில்தான் இருக்கிறது. பெரிய திரைகளும் அங்கே கிடையாது. பதினெட்டு ஹோல்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். நம் கண்ணில் படுவது ஒன்றோ இரண்டோ. மிச்சமெல்லாம் காது வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

பைன் மரங்கள் ஓங்கி நிற்கும் சரிவான நிலம் அது. தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரியும் மைதானம், நேரில் போனால் முழங்காலைச் சோதிக்கும். பத்தாவது ஹோலில் முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து குழி இருக்கும் கிரீனுக்குள் ஏறக்குறைய நூறு அடி இறக்கம். மேட்டுக்கு அந்தப் பக்கம் எழும் சத்தம் பள்ளத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அரைநாள் கழிந்தால் சத்தங்களைப் பிரிக்கக் காது பழகிவிடும். சிக்கலிலிருந்து தப்பி ஒருவர் பார், அதாவது அந்த ஹோலுக்கென்று வகுத்த அடிகளின் எண்ணிக்கை, எடுத்தால் பொறுப்பான கைதட்டல். அதைவிட ஒன்று குறைந்த பர்டி என்றால் வெடித்து அடங்கும் ஒரு கூச்சல். பாரைவிட இரண்டு குறைவாக முடிக்கும் ஈகிள் வேறு ரகம்; அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெடுநேரம் அடங்காது. பந்து குழியின் விளிம்பைத் தொட்டு விலகினால், ஆரவாரமாகத் தொடங்கிய குரல் பாதியில் பெருமூச்சாகிவிடும்.

1986 மாஸ்டர்ஸின் கடைசி நாள். 46 வயது ஜாக் நிக்லாஸ் இனி ஜெயிக்கமாட்டார் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அவர் 15-ஆவது ஹோலில் ஈகிள் அடித்தார். 16-இல் பந்தைக் குழிக்குப் பக்கத்திலேயே போட்டு பர்டி எடுத்தார். அந்த முழக்கமெல்லாம் பின்னால் வந்துகொண்டிருந்த செவே பாயஸ்டெரோஸின் காதில் விழாமல் இருந்திருக்காது. அவர் 15-இல் அடித்த பந்து குளத்தில் போய் விழுந்தது. அப்போது 17-இல் இருந்த நிக்லாஸுக்குப் பின்னாலிருந்து ஒரு விநோதமான சத்தம் கேட்டது; ஆரவாரமும் இல்லை, அங்கலாய்ப்பும் இல்லை, இரண்டும் கலந்தது. எட்டிப் பார்க்க வழியில்லாவிட்டாலும் நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. 17-இலும் பர்டி, அன்றைய மொத்தம் 65, வெற்றியாளர் அணியும் பச்சைக் கோட்டு ஆறாவது முறையாக.

ஸ்கோர் பலகையின் எண்களை இன்னமும் கையால்தான் மாற்றுகிறார்கள். பாருக்குக் கீழே இருந்தால் சிவப்பு எண், மேலே இருந்தால் பச்சை. தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்ப்பார்கள். சற்று நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. பிறகு பலகைக்குப் பின்னால் இருப்பவர் ஒரு கட்டத்தை எடுப்பார், அங்கே இருட்டாக ஒரு சதுரம் தெரியும், அதில் புது எண் வந்து உட்காரும். உடனே இங்கே இரண்டாவது முழக்கம்.

எல்லா ஆட்டக்காரர்களையும் துரத்திக்கொண்டு ஓடலாம் என்ற ஆசை வேண்டாம். ஓடவும் முடியாது, ஓடக்கூடாது என்பது விதி. வாசல் திறந்ததும் நூற்றுக்கணக்கானோர் ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவே ஒரு வேகத்தில் போவது தனி வேடிக்கை. மடக்கு நாற்காலியில் பெயரை எழுதி, பிடித்த கிரீன் ஓரத்தில் போட்டுவிட்டுச் சுற்றப் போய்விடலாம். திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கும். யாராவது உட்கார்ந்திருந்தால் உங்களைக் கண்டதும் எழுந்துவிடுவார்.

ஒரே இடம் சொல் என்றால், 12-ஆவது டீயின் பின்னால். 11-இன் கிரீன், 12 முழுவதும், 13-இல் கொஞ்சம் என எல்லாம் கண்ணுக்கு எட்டும். ஆமென் முனை என்று பெயர்பெற்ற மூலை இது. 12 வெறும் 155 கெஜம், முன்னால் ரேஸ் கிரீக் ஓடை, அகலம் குறைந்த கிரீன். நல்ல ஆட்டக்காரருக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பாருங்கள். 11-இன் கொடி ஒரு பக்கம் அசைகிறது, 12-இன் கொடி தொங்குகிறது, மரத்தலைகள் வேறெங்கோ சாய்கின்றன. ஒரு பிடி புல்லைக் கிள்ளித் தூவுகிறார். மட்டைகளைச் சுமக்கும் கேடியிடம் கேட்கிறார், எடுத்த மட்டையைத் திருப்பி வைக்கிறார், மறுபடி அதையே எடுக்கிறார். 2016-இல் முன்னணியில் இருந்த ஜோர்டன் ஸ்பீத் இங்கே இரண்டு பந்துகளை ஓடைக்குக் கொடுத்து ஏழு அடிகளில் முடித்தார். 2019-இல் கடைசி நாளில் பிரான்செஸ்கோ மோலினாரி உட்படச் சிலர் தண்ணீரில் விட, டைகர் உட்ஸ் கொடியைப் பார்க்காமல் கிரீனின் இடது பக்கம் அடித்து நிம்மதியாக நடந்தார். அடித்ததும் ஆட்டக்காரரும் கேடியும் ஹோகன் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் கரைக்கு நமக்கு அனுமதி இல்லை. அவர்கள் அங்கே பேசுவது கேட்காது. இங்கே நாம் தட்டுவது அவர்களுக்குச் சன்னமாகத்தான் போய்ச் சேரும்.

ஆட்டக்காரரின் தவறுக்குக் கைதட்டாதீர்கள். மைதானத்தை உருவாக்கிய பாபி ஜோன்ஸ் 1967-இலேயே இதை எழுதிவைத்தார். இத்தனை நாகரிகம் பேசிய, மைதானத்தை நடத்தும் கிளப், முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்க்க 1990 வரையும் பெண்களைச் சேர்க்க 2012 வரையும் எடுத்துக்கொண்டது என்பதும் புல்வெளியைப் பார்க்கும்போது நினைவில் இருக்கட்டும்.

பசித்தால் பிமென்டோ சீஸ் சாண்ட்விச், 1.50 டாலர், பச்சை உறையில் வரும். சுவை சுமார்தான், அந்த விலைக்குக் குறைசொல்ல மனம் வராது. படம் எடுக்கும் ஆசை இருந்தால் திங்கள் முதல் புதன் வரையிலான பயிற்சி நாள்களில் போங்கள், கேமராவுக்கு அனுமதி உண்டு. அந்த நாள்களில் 16-இன் குளத்தருகே கூட்டம் கத்திக் கேட்டால், ஆட்டக்காரர்கள் பந்தைத் தண்ணீரில் தத்தவிட்டு கிரீனில் ஏற்றுவார்கள், குளத்தில் சில்லு எறியும் பையன்களைப் போல.

ஞாயிறு பிற்பகல் எங்கே இருந்தாலும் அங்கேயே இருங்கள். கீழே பள்ளத்திலிருந்து ஒரு முழக்கம் எழுந்தால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேளுங்கள்: பர்டியா, ஈகிளா? அவர் ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள். அதற்குள் பலகையில் ஒரு கட்டம் திறந்திருக்கும்.