போகும் லோடும் திரும்பும் வண்டியும்

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஏதாவது ஒரு புக்கிங் ஆபீஸில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சரக்கு அனுப்புகிறவர் போனில் கேட்கும் முதல் கேள்வி, "டன்னுக்கு என்ன வாடகை?" அடுத்தது, "வண்டி எப்ப வரும்?" எந்த மாதிரி வண்டி என்ற கேள்விக்குள் நுழைவதற்கு முன்பே பேரம் படிந்துவிடும். அன்றைக்கு வாசலில் எது நிற்கிறதோ அதுவே பொருத்தமான வண்டி. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த வழக்கத்துக்குப் பின்னால் அழுத்தமான ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் சேர்க்கப்படாத ஓர் ஆளும் இருக்கிறார்.

கணக்கை முதலில் பார்ப்போம். ஓபன் பாடி வண்டிக்கு ஜாதி பேதம் கிடையாது. போகும்போது ஜவ்வரிசி மூட்டை, திரும்பும்போது கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம். மேலிருந்து கிரேனில் இறக்கலாம், பக்கப் பலகையைத் திறந்து தோளில் ஏற்றலாம். மழைக்குத் தார்ப்பாயும் கயிறும் போதும். சிமென்ட் பல்கருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. தூளைக் கொட்டிவிட்டு அது வெறும் வயிற்றோடுதான் ஆலைக்குத் திரும்ப வேண்டும். கார் ஏற்றும் ட்ரெய்லரும் காஸ் டேங்கரும் பெரும்பாலும் அப்படியே. திரும்பும் பாதையின் டீசலையும் சுங்கக் கட்டணத்தையும் போகிற லோடே சுமப்பதால் வாடகை ஏறுகிறது. ஆக, வண்டியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ரிட்டன் லோடுதான். மூட்டைச் சரக்குக்கு இது நியாயமான ஏற்பாடு. சாக்கு எந்தப் பாடியிலும் படிந்து உட்காரும்.

சாக்கைப் போல எல்லாச் சரக்கும் படிந்து உட்காராது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. திருப்பூர்ப் பனியன் பெட்டிகளை ஏற்றினால் எடை நிறைவதற்கு முன் இடம் நிறைந்துவிடும். அதற்கு உயரமான கன்டெய்னர் வேண்டும். இரும்பை ஏற்றினால் முக்கால்வாசித் தளம் காலியாக இருக்கும்போதே எடை முடிந்துவிடும். அதற்கு அச்சுகள் வேண்டும். 2018 ஜூலையில் அச்சுப் பளு வரம்பு உயர்ந்தபோது, ஆறு அச்சு ட்ரெய்லரின் மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 ஆனது. முன் அச்சுக்கு 7, இழுவை அச்சு ஜோடிக்கு 21, பின்னாலுள்ள மூன்று அச்சுகளுக்கு 27 என்று கூட்டி வரும் 55 அது. கூட்டுத்தொகை சரியாக இருந்தால் மட்டும் போதாது, பகிர்வும் சரியாக இருக்க வேண்டும். நாற்பதடி ட்ரெய்லரில் கனத்த இருபதடிப் பெட்டி ஒன்றைக் கடைசியில் வைத்தால், எடைமேடைச் சீட்டு சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ட்ரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் கிங்பின் மேல் விழ வேண்டிய பாரம் குறைந்து, மேட்டில் இழுவைச் சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும்.

இருபது டன் எஃகுச் சுருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதற்கென்றே இருக்கும் ட்ரெய்லரில் தளத்தின் நடுவே 'வி' வடிவப் பள்ளம் உண்டு. சுருள் அதில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை மாதிரி அமர்ந்துகொள்ளும், செயின் வெறும் காவலுக்குத்தான். அதே சுருளைத் தட்டையான தளத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் மர ஆப்பு, மேலே செயின். இனி எல்லாம் அந்த ஆப்பின் கையில். சுருளின் துளை பக்கவாட்டைப் பார்த்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது அது கேபினை நோக்கி உருளப் பார்க்கும். துளை முன்னும் பின்னும் பார்த்திருந்தால் வளைவில் சாலையை நோக்கி உருளப் பார்க்கும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பிரேக்கும் வளைவும் சேர்ந்தே வருகின்றன. வண்டி நின்றாலும் இருபது டன் நிற்க வேண்டுமே.

கன்டெய்னருக்கும் இதே கதை. எலும்புக்கூடு போன்ற சட்ட ட்ரெய்லரில் பெட்டியின் நான்கு மூலைகளையும் ட்விஸ்ட் லாக் கவ்விப் பிடிக்கும். பூட்டில்லாத தளத்தில் பெட்டி தன் எடையை நம்பி மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. திருப்பத்தில் அந்த நம்பிக்கை போதாது.

அதற்காக எல்லாவற்றுக்கும் தனி வண்டி என்று கிளம்புவதும் தவறு. பொக்லைனைச் சாதாரணத் தளத்தில் ஏற்றினால் பாலத்தின் அடியில் தலை இடிக்கும், லோ பெட் தேவைதான். ஆனால் தாழ்ந்த தளம் ஊருக்கு ஊர் வேகத்தடையில் வயிறு தேய்க்கும். வேகம் குறையும், நாள் கூடும். இதை அரசும் ஒப்புக்கொண்டிருக்கிறது. சாதாரணச் சரக்குக்கு இ-வே பில் ஒரு நாளுக்கு 200 கிலோமீட்டர் என்று கணக்கிட, அளவு மீறிய சரக்குக்கு ஒரு நாளுக்கு 20 கிலோமீட்டர் என்றுதான் கணக்கிடுகிறது. தேவையில்லாத லோடுக்கு லோ பெட் பிடிப்பது, கொசுவுக்குப் பீரங்கி வைத்த கதை.

பொருந்தாத வண்டியைச் சட்டம் தடுக்குமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. பாடிக்கு வெளியே நீளும் சரக்குக்கும் 20,000. ஓட்டுகிறவரோடு ஓட்டச் செய்கிறவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. ஆனால் எடையை மேடை சொல்லும், நீளத்தை டேப் சொல்லும், பொருத்தத்தைச் சொல்ல எந்தக் கருவி இருக்கிறது? வரம்புக்குள் நிற்கும் தவறான வண்டி சோதனைச் சாவடியை மரியாதையோடு கடந்து போகிறது.

கணக்கில் விடுபட்ட ஆள் ஓட்டுநர்தான். அனுப்புகிறவருக்கு டன்னுக்குச் சில ரூபாய் மிச்சம், உரிமையாளருக்கு ரிட்டன் உறுதி, ஏஜென்டுக்குக் கமிஷன். மூவரும் பேசி முடித்த பிறகுதான், ஏற்றும் இடத்தில், ஓட்டுநர் லோடை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார். வண்டியும் சரக்கும் ஒத்துப்போகாத இடைவெளியை அவர்தான் ஆப்பு தேடி, செயின் இறுக்கி, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிப் பார்த்து அடைக்கிறார். மிச்சமான வாடகை அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வருகிறது.

ரிட்டன் லோடின் நியாயத்தை மறுக்கத் தேவையில்லை, மூட்டைக்கு அது நீடிக்கட்டும். உருளும், சரியும், பூட்டு கேட்கும் சரக்குக்கு மட்டும் வண்டியின் வகையை முதலில் முடிவு செய்து வாடகையைப் பிறகு பேசலாம். புக்கிங் சீட்டில் இப்போது டன், வாடகை, அட்வான்ஸ் என்று கட்டங்கள் இருக்கின்றன. 'சரக்கின் வடிவம்' என்று இன்னொரு கட்டம் போட்டால், மர ஆப்பு தேடி ஓட்டுநர் அலையும் முன்பே, ஆபீஸில் ஒருவராவது யோசித்தாக வேண்டியிருக்கும்.