ஊசியைத் தூக்கிவிட்டுக் கேளுங்கள்

இசைத்தட்டு ஆசை வந்தவர்கள் ஊசியின் விலையை விசாரிக்கிறார்கள், ஸ்பீக்கருக்குக் கடன்கூட வாங்குகிறார்கள். நடுவில் இருக்கும் பிரீஆம்ப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், ‘அது எஞ்சினியர் சமாச்சாரம்’ என்று நழுவிவிடுகிறார்கள். அநியாயம்! ரசிக்கத் தெரிந்த காதுக்கு அந்தச் சின்னப் பெட்டியில் அவ்வளவு இருக்கிறது.

அடிப்படை இதுதான். ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். பிரீஆம்ப் அதைச் சுமார் 100 மடங்காக்குகிறது. தட்டை வெட்டும்போது பள்ளம் அகன்றுவிடாமலிருக்க அடி ஒலிகளைக் குறைப்பார்கள்; உச்ச ஒலிகளைக் கூட்டி வெட்டுவார்கள். அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954-இல் கொண்டுவந்த கணக்கு அது. பிரீஆம்ப் அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்கிறது.

இனிதான் விஷயமே. ஊசியைத் தூக்கி வையுங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்து, ஸ்பீக்கர் அருகே காதைக் கொண்டுபோங்கள். ‘உஸ்’ என்கிறதா, ‘ம்ம்’ என்கிறதா? இரண்டையும் ‘இரைச்சல்’ என்று ஒரே பெயரில் திட்டுவது பெரிய தப்பு. ‘உஸ்’ என்பது மின்தடைக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தில் அலைவதால் வருவது. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஜான்சன் என்ற இயற்பியலாளர் அளந்து 1928-இல் வெளியிட்டது. எந்தப் பெட்டியும் அதற்குத் தப்பாது. நல்ல பெட்டியில் குறைவு, அவ்வளவே. ‘ம்ம்’ வேறு சாதி. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைந்திருக்கிறது. ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் அந்த இடத்தில் ஒலியை, 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 7 மடங்கு தூக்குவதால், துளி நுழைந்தாலும் ஊதிப் பெருக்கும். பிளேயரிலிருந்து வரும் எர்த் வயரைப் பிரீஆம்பின் பின்பக்கத் திருகில் இறுக்குங்கள். ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பெட்டியை ஒரு முழம் தள்ளி வையுங்கள். ‘ம்ம்’ அடங்கிவிட்டதென்றால், பிரீஆம்ப் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இதைச் சோதிக்காமலே ‘வெதுவெதுப்பான ஒலி’ என்று பக்கம் நிரப்பும் விமர்சகர்களை நம்ப வேண்டாம். வால்வு மினுமினுப்பதைப் பார்த்துப் பெட்டி வாங்குவது கண்ணால் பாட்டுக் கேட்பது.

அடுத்து ஊசியை இறக்குங்கள். 1963-இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் கையில் கிடைத்தால் அதுவே போதும். உடன்பாடும் ராதா விஸ்வநாதனின் குரல் தனியாகத் தெரிகிறதா? ‘ஸ’கரம் கீச்சிடாமல் வருகிறதா? திருத்தம் பிசகிய பெட்டி இந்த இடங்களில்தான் மாட்டிக்கொள்ளும்.

காதோடு ஒன்று: மூவிங் மேக்னெட் வைத்திருப்பவர் ‘உஸ்’ஸுக்குப் பயந்து பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் பள்ளத்தின் கரகரப்பே அதை மூழ்கடித்துவிடும். 0.3 மில்லிவோல்ட் மட்டுமே தரும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜுக்கு மாறினால், 1,000 மடங்கு பெருக்க வேண்டிவரும். அப்போது விலையைப் பார்க்காமல் அமைதியான பெட்டியாகத் தேடலாம்.