பணிமூப்பு: காத்தது யாரை, கைவிட்டது யாரை?

முதலில் சேர்ந்தவருக்கு முதல் உரிமை. ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற உரிமைகளில் கூலி உயர்வைவிடவும் ஆழமாக வேர்விட்டது இந்தப் பணிமூப்பு விதிதான். லட்சக்கணக்கான குடும்பங்களை அது தலைநிமிர வைத்தது. அதே விதி, கறுப்பினத் தொழிலாளர்களை ஆலையின் மிக மோசமான வேலைகளிலேயே கட்டிப்போடவும் பயன்பட்டது. இரண்டையும் ஒருசேர எடைபோட்டால்தான் அந்நாட்டுத் தொழில் நகரங்களின் வீழ்ச்சியில் யாருக்கு எவ்வளவு அடி விழுந்தது, ஏன் விழுந்தது என்பது விளங்கும்.

முதலில் அதன் வலிமை. 1930களின் தொடக்கத்தில் மிச்சிகன் கார் ஆலைகளில் புதிய மாடலுக்காக ஆண்டுதோறும் இயந்திரங்களை மாற்றுவார்கள். அது முடியும்வரை தொழிலாளர்களுக்கு வேலை கிடையாது. ஆலை மீண்டும் திறக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்பது ஃபோர்மேனின் விருப்பம். அவரை மகிழ்வித்தவர் உள்ளே போனார். சங்கம் பற்றிப் பேசியவரும் வயது ஏறியவரும் வாசலிலேயே நின்றார்கள். 1936 டிசம்பர் 30 அன்று ஃபிளின்ட் நகரின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள் அமர்ந்து 44 நாள் போராடிய தொழிலாளர்களின் கோரிக்கைகளில் பணிமூப்பும் இருந்தது. சேர்ந்த தேதி என்பது யாராலும் திருத்த முடியாத சான்று. ஃபோர்மேனின் தயவில் வாழ்ந்தவருக்கு அது சட்டத்தின் பாதுகாப்பைப் போன்ற ஒன்றைக் கொடுத்தது.

ஆனால் மூப்பை எங்கிருந்து எண்ணுவது? குறை நுழைந்தது இங்கேதான். எஃகு ஆலைகள் பலவற்றில் மூப்பு ஆலை முழுவதற்கும் பொதுவாக இல்லை. துறைக்குத் துறை தனித்தனியாக எண்ணப்பட்டது. ஆளெடுக்கும் அலுவலகமோ கறுப்பினத்தவரை, நிலக்கரியைக் கோக் எரிபொருளாக்கும் கோக் அடுப்பு போன்ற வெப்பமும் புகையும் நிறைந்த துறைகளுக்கே அனுப்பியது. அந்த அடுப்புகளின் மேல்தளத்தில் நெடுங்காலம் உழைத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் பன்மடங்கு அதிகம் என்பதை 1970களின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகள் காட்டின.

இருபது ஆண்டு அங்கே வெந்தவர் நல்ல துறைக்கு மாற விரும்பினால், புதுத் துறையில் கடைநிலை ஆளாகத் தொடங்க வேண்டும். சம்பளம் குறையும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் போக வேண்டியவரும் அவரே. பிள்ளை குட்டி உள்ள எவரும் அந்த ஆபத்துக்குத் துணியமாட்டார்கள். ஆக, நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத விதி, நிறத்தின் பெயரால் நடந்த ஒதுக்கலை நிரந்தரமாக்கியது. நியூயார்க் மாநிலத்தின் லாக்கவானாவில் இருந்த பெத்லஹேம் எஃகு ஆலை வழக்கில், 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இனங்கண்டது: துறை மாறுபவர் பழைய சம்பளத்தையும் ஆலையளவிலான மூப்பையும் உடன்கொண்டு செல்லலாம் என்றது. 1974இல் ஒன்பது எஃகு நிறுவனங்களும் எஃகுத் தொழிலாளர் சங்கமும் அரசுடன் செய்த உடன்பாடு, ஆலை முழுவதற்குமான மூப்பை ஏற்று, சுமார் 3.1 கோடி டாலர் இழப்பீடும் தந்தது.

இழப்பீடு ஆளுக்குச் சில நூறு டாலர்தான். அதைவிடக் கொடுமை, திருத்தம் வந்த காலம். 1977 மே மாதம் உச்ச நீதிமன்றம், 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்துக்கு முந்தைய பாகுபாட்டின் விளைவைத் தொடரச் செய்கிறது என்பதற்காக மட்டுமே நேர்மையான பணிமூப்பு முறை சட்டவிரோதமாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று ஓஹையோவின் யங்ஸ்டவுன் வட்டாரத்தில் கேம்ப்பெல் எஃகு ஆலையின் பெரும்பகுதியை மூடும் அறிவிப்பு வந்தது. சுமார் 5,000 பேர் வேலை இழந்தார்கள். அடுத்த பத்தாண்டில் எஃகு நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. நல்ல துறைகளின் கதவு திறந்தபோது அங்கே வேலைகளே கரைந்துகொண்டிருந்தன. தாமதமாக நுழைந்த கறுப்பினத்தவரும் பெண்களும் முதலில் வெளியேறினார்கள். வளரும் தொழிலில் ஏணியாக இருந்த விதி, சுருங்கும் தொழிலில் பழைய அநீதியை மறுபடி அரங்கேற்றியது.

ஆலைச் சுவருக்கு வெளியே அந்த விதிக்கு எந்த வலுவும் இல்லை. 1947 முதல் 1958 வரை மூன்று பெரிய கார் நிறுவனங்கள் டெட்ராய்ட் வட்டாரத்தில் 25 புதிய ஆலைகளைக் கட்டின, எல்லாமே புறநகரில். கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு கிடைப்பது அரிதாக இருந்தது. வீட்டுக் கடனுக்கான அரசு உத்தரவாதமும் அவர்களை ஒதுக்கியே வழங்கப்பட்டது. ஃபோர்டின் ரூஜ் ஆலை இருந்த டியர்போர்ன் நகரின் மேயர் ஆர்வில் ஹப்பார்ட் இனப்பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்து, 1942 முதல் 1978 வரை பதவியில் இருந்தார். அவ்வாலையில் ஆயிரக்கணக்கில் உழைத்த கறுப்பினத்தவர் மாலையானால் அந்நகரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. கார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் 1963 வாஷிங்டன் பேரணியில் மேடையேறிப் பேசியவர். ஆயினும் 1968இல் டாட்ஜ் ஆலையின் கறுப்பினத் தொழிலாளர்கள், நிறுவனத்தையும் சங்கத்தையும் ஒருங்கே எதிர்த்துத் தனி இயக்கம் கண்டார்கள். சங்கத் தலைமையின் கொள்கை ஆலைத்தளத்துக்கு முழுதாக இறங்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இவற்றைக் காட்டிப் பணிமூப்பையே ஒழிக்கச் சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கறுப்பினத்தவரைக் கோக் அடுப்புக்கு அனுப்பியது பணிமூப்பு அல்ல, நிர்வாகத்தின் தன்விருப்பம். விதியை நீக்கினால் அந்தத் தன்விருப்பமே திரும்பி வரும். அதில் முதலில் அடிபடுபவர் பலவீனமானவரே. மறுபக்கம், சேர்ந்த தேதியைப் புனிதமாகக் கருதிய சங்கங்கள், சேரவிடாமல் தடுக்கப்பட்டவரின் இழந்த ஆண்டுகளுக்குக் கணக்கு வைக்கவில்லை. அது நியாயத்தின் பெயரால் செய்த பிழை. சக தொழிலாளிக்குச் செய்த துரோகமும்கூட.

எனவே பணிமூப்பு காக்கப்பட வேண்டும். அது எண்ணத் தொடங்கும் இடம் அகல வேண்டும். மூப்பு ஆலை முழுவதற்கும் பொதுவாகட்டும். நிறுவனம் புதிய ஊருக்குப் பெயர்ந்தால் தொழிலாளியின் மூப்பும் கூடவே செல்லட்டும். அந்த ஊரில் அவர் குடியிருக்கும் உரிமைக்காகவும் சங்கம் போராடட்டும். உள்ளே இருப்பவரை மட்டும் காக்கும் சங்கம், ஆலை மூடப்படும் நாளில் தனக்காகக் குரல் கொடுக்க வெளியே ஆளில்லாமல் நிற்கும்.