அட்டைத் துண்டும் மாட்டுத் தோலும்

பிரெஞ்சுக்காரன் பியானோ நமக்கெதுக்கு என்று கேட்கிற தோழர்கள், மொரீஸ் தெலாழ் (1879–1961) எழுதிய 'ராகமாலிகா'வை ஒருதரம் கேட்டுவிட்டுப் பேசட்டும். தெலாழ் ராவெலின் மாணவர். குடும்பத் தொழில் பூட்ஸ் பாலிஷ். 1912-இல் இந்தியா வந்தவர், கோயம்புத்தூர் தாயி கிராமபோன் தட்டில் பாடியிருந்த தமிழ்ப் பாட்டைக் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதிவைத்தார். தேவதாசி மரபில் வந்த ஒருத்தியின் குரல் இப்படித்தான் பாரீசுக்குப் போய்ச் சேர்ந்தது.

இசை என்று பார்த்தால் எனக்கு தெபுஸிதான் பெரியவர். 1889 பாரீஸ் பொருட்காட்சியில் ஜாவாக்காரர்களின் கம்லானைக் கேட்ட மனுசன், 1903-இல் 'பகோடாக்கள்' எழுதும்போது அதைக் காப்பியடிக்கவில்லை. கீழே நிதானமாக ஒரு மணி, மேலே துறுதுறுவென்று சின்ன மணிகள் என்று அடுக்கி, பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே அந்த வெண்கல அதிர்வைக் கொண்டுவந்துவிட்டார். தெலாழுக்கு அந்த நாசூக்கு கிடையாது. ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். மந்தரத்தில் ஒரு தந்திக்கடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். கட்டையைத் தட்டினால் மணியோசை வராது, 'தொம்' என்று அமுங்கும். நம்ம ஊர் மத்தளச் சத்தம் வேணுமாம்! ஜான் கேஜ் பியானோவுக்குள் திருகாணி வைத்துப் பேர் வாங்கியது 1940 வாக்கில்தான். சீமான் வீட்டுப் பியானோ தோல் சத்தத்துக்காகத் தன்னை மாத்திக்கிட்ட இடம் இது.

அந்தத் தோல் யார் கையிலிருந்து வந்தது? மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு மூணும் வேணும். தோலைப் பதம் பார்த்து, மூட்டுக்கட்டி, வார் இழுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரைத் தெரிந்த சபாவுக்கு, அவருக்கு வாத்தியம் செய்த பர்லாந்தைத் தெரியாது. டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று இவர்களைப் பற்றி எழுதினார். அதில் ஒரு பகுதி பத்திரிகையில் வந்ததும், இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா பின்வாங்கியது. 2020 பிப்ரவரி 2-இல் எங்க தரமணியில், ஆசிய இதழியல் கல்லூரியில் புத்தகம் வெளியானது. தொல். திருமாவளவன் வந்திருந்தார். தோலின் சத்தம் வேணும், தோலைப் பத்திப் பேச்சு வேணாம் என்பது அடையாறு நியாயம்.

கடல் தாண்டியிருந்த தெலாழுக்கும் தோல் தெரியாதுதான். அது அவர் இசையிலேயே கேட்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை வெறும் 'தொம்' அல்ல, அதற்குச் சுருதி உண்டு. சர் சி.வி. ராமன் 1920-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, பூசிப்பூசித் தேய்க்கிற கறுப்புதான் அந்தச் சுருதியைத் தருகிறது. பர்லாந்து மாதிரியானவர்களின் கைவேலை அது. தெலாழின் அட்டையில் அடி இருக்கிறது, அந்தக் கை இல்லை.